டிசான்: மூலிகை ஊறல்

மூலிகைத் தேநீர் என்று விற்கும் பல பொட்டலங்களில் தேயிலை இம்மியும் இருக்காது. தேயிலை என்பது தே + இலை. சீனத்தின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து வந்த ‘தே’ ஒரே ஒரு செடிக்கு உரிய பெயர். புதினா, துளசி, சாமந்தி இனப் பூக்கள் ஆகியவற்றை வெந்நீரில் இட்டுப் பருகுவதற்கு ஐரோப்பியர் வைத்திருக்கும் தனிச்சொல் ‘டிசான்’.

இச்சொல்லின் வேர் கிரேக்கம். ‘ப்திசானே’ என்றால் குத்தி உமி நீக்கிய வாற்கோதுமை, அதாவது பார்லி. அதில் காய்ச்சிய கஞ்சிக்கும் அதே பெயர். கடும் நோயில் கிடப்பவருக்கு இந்தக் கஞ்சியைக் கொடுக்கச் சொல்கின்றன ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள். லத்தீனில் ‘ப்திசானா’ ஆகி, பிரெஞ்சில் ‘டிசான்’ எனத் தேய்ந்தது. வாற்கோதுமை போய் இலையும் பூவும் வந்தன. நோயாளிக்கான பானம் என்ற எண்ணம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? கஷாயம் என்பார்கள். அது வடசொல், துவர்ப்பு என்றும் பொருள்படும். அதற்கு ஈடாகச் சித்த மருத்துவம் சொல்வது ‘குடிநீர்’. இரண்டுமே பெரும்பாலும் நீர் வற்றக் காய்ச்சி இறுக்குவதையே குறிக்கும். வேர், பட்டைக்கு அது சரி. மெல்லிய இலையை அப்படிக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். வெந்நீரில் ஊறவைத்து வடிப்பதற்கு அதே மருத்துவத்தில் ‘ஊறல் குடிநீர்’ என்ற பெயர் இருக்கிறது. ஆகவே ‘மூலிகை ஊறல்’ என்பதே என் தேர்வு. வெறும் ‘ஊறல்’ என்றால் செய்தித்தாள் படிப்பவர்களுக்குச் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். முன்னொட்டை விட்டுவிட வேண்டாம்.

வீட்டுத் தொட்டியில் வளர்த்த புதினாவைப் பூக்கும் முன், காலைப் பனி உலர்ந்ததும் கிள்ளுங்கள். சிறு கொத்துகளாகக் கட்டி, காற்றோடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயில் பட்டால் நிறமும் மணமும் போகும். கற்பூரவள்ளி இலை தடித்தது, நீர் மிகுந்தது. உலர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும், அதைப் பச்சையாகவே பயன்படுத்துவது நல்லது. இலை விரலில் நொறுங்கி, காம்பு வளையாமல் ஒடிந்தால் அது சருகு. முழு இலையாகவே காற்றுப் புகாத புட்டியில் இருட்டில் வையுங்கள், ஊறவைக்கும்போது மட்டும் கசக்குங்கள். பச்சை இலை மூன்று கரண்டி போடும் இடத்தில் சருகு ஒரு கரண்டி போதும். கோப்பையை மூடி ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள்.