துக்கச் செய்தியைத் தவணையில் சொல்லாதீர்கள்

எல்லையில் படைவீரர் ஒருவர் இறந்த செய்தி ஊருக்கு எட்டியதும் நம் மக்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. வீட்டாரிடம் முதலில் "அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க" என்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து "கொஞ்சம் சீரியஸ்" என்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு யாராவது ஒரு பெரியவர் மிச்சத்தைச் சொல்வார்.

அன்பினால்தான் இப்படிச் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் நீலகிரியில் படைவீரர் குடும்பங்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர். இப்படிப்பட்ட செய்தியோடு ராணுவத்தார் ஒரு வீட்டுக்குப் போகும்போது கூடப் போகிற ஆள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இது வேண்டவே வேண்டாம். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தாய் குன்னூர் தந்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறாள். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகப் பையில் துணி எடுத்து வைக்கிறாள். பிறகு உண்மை தெரியும்போது இழப்போடு இன்னொன்றும் சேர்ந்து அழுத்துகிறது: ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை. வருஷங்கள் கழிந்தும் இந்தக் குடும்பங்களில் ஆறாமல் நிற்பது பெரும்பாலும் இதுதான். யாருக்கு முதலில் தெரியும், யார் மறைத்தார்கள் என்று சொந்தங்களுக்குள் பேச்சு அறுந்த வீடுகள் உண்டு.

நம் மலையில் செய்தி வேகமாகப் பரவ ஒரு காரணம் இருக்கிறது. 1758-இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. அங்கே பயிற்சி முடித்தவர்கள், ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று குன்னூர், அருவங்காடு பக்கம் ராணுவத் தொடர்பு இல்லாத தெருவே குறைவு. யூனிட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் ஊர் நண்பனுக்கு போன் செய்தால் போதும், அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில் புகைப்படத்தோடு கண்ணீர் அஞ்சலி வந்துவிடும். முறையான செய்தி அவ்வளவு வேகமாக வராது. இறந்தவர் இன்னார்தான் என்று யூனிட் உறுதி செய்ய வேண்டும். அப்புறம் வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ், பக்கத்து ராணுவ முகாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், தேவைப்பட்டால் கலெக்டர் அலுவலகமும் போலீஸும். இந்தத் தாமதம் அலட்சியத்தால் வருவதில்லை. பெயர் மாறிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதல் நடந்தது. மறுநாள் மதியம் வந்த அறிவிப்பில் இறந்தவர்கள் மூன்று பேர். அன்று இரவு அது 20 ஆனது. இடைப்பட்ட அந்த நேரத்தில், லடாக்கில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீடும் எப்படி இருந்திருக்கும்! போர் இல்லை என்றாலும், 2021 டிசம்பர் 8 நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த ஹெலிகாப்டர் மதியம் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் இறந்ததை விமானப்படை அறிவித்தபோது மாலை ஆறு மணி ஆகிவிட்டது. அதுவரை டிவியில் எரிகிற காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் பயணித்தவர்களின் குடும்பங்களும் டிவி முன்னால்தான் இருந்திருக்கும். சிலரின் உடலை டிஎன்ஏ சோதனைக்குப் பிறகுதான் ஒப்படைக்க முடிந்தது.

முன்பெல்லாம் தந்திதான். 1965, 1971 போர்களில் பெரும்பாலும் உடல் ஊருக்கு வராது. களத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு முடிந்து, உடைமைகள் மட்டும் வீடு வந்து சேரும். 1999 கார்கில் போரிலிருந்து உடலையே வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அதிலும் காத்திருப்பு உண்டு. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அந்த மே 29 அன்று படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

சரி, எப்படித்தான் சொல்வது? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஒரு தேயிலை எஸ்டேட்டில் வீரரின் அம்மா இலை பறிக்கப் போயிருந்தார். வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு, வந்திருந்த ராணுவ சுபேதாரும் நானும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடந்தோம். பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பி அவரை வரச் சொன்னோம். வீட்டுக்குள் உட்கார வைத்துச் சொல்வதாகத்தான் திட்டம். ஆனால் நடைபாதைத் திருப்பத்திலேயே அவர் யூனிபார்மைப் பார்த்துவிட்டார். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், கையில் கத்தரி. "என் பையனா?" என்று கேட்டார். "முதல்ல உள்ள வாங்கம்மா" என்று சுபேதார் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி, மகன் பெயரைச் சொல்லி, "இன்னைக்குக் காலையில சண்டையில இறந்துட்டாரும்மா" என்றார். அங்கேயே, அந்தப் பாதையிலேயே. கேட்டுவிட்ட தாயைக் காக்க வைக்கக் கூடாது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

கத்தரியை விடாமல் பிடித்தபடி அம்மா வெகுநேரம் நின்றார். பிறகு, "காலையில சாப்பிட்டானா?" என்றார். சுபேதார், "தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" என்றார். "சாப்பிட்டாரும்மா" என்று சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் யூனிட்டில் விசாரித்து மறுநாள் வந்து சொன்னார், விடிகாலையில் டீயும் பூரியும் சாப்பிட்டிருக்கிறார் என்று. அதன் பிறகு அந்த அம்மா அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்பினார்.

அந்த நம்பிக்கை அடுத்த நாட்களுக்குக் கட்டாயம் தேவை. "எப்போ கொண்டு வருவாங்க?" என்று கேட்பார்கள். லடாக்கில் லே பக்கம் வானிலை சரியில்லையென்றால் விமானம் கிளம்பாது. கோவை வந்த பிறகும் மலை ஏற வேண்டும். ஆகவே மணி சொல்லக் கூடாது, கிளம்பியதும் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லலாம். அடுத்தது, "முகத்தைப் பார்க்கலாமா?" பெட்டியைத் திறக்க முடியாத நிலை என்றால் அதைப் பெட்டி வருவதற்கு முன்பே, வீட்டுக்குள் வைத்து, தாய்க்கும் மனைவிக்கும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தின் நடுவே, கொடி போர்த்திய பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்வது கொடுமை.

மனைவி வேறு ஊர் குவார்ட்டர்ஸில், பெற்றோர் இங்கே என்றால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஆள் போக வேண்டும். மனைவிக்குச் சொன்னால் போதும், அவர் மாமியாருக்குச் சொல்லிக்கொள்வார் என்று விடுவது அந்தப் பெண்ணின் தலையில் இரண்டாவது பாரத்தை ஏற்றுவது.

அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு முதலில் தெரிந்துவிட்டால் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அந்த வீட்டுக்கு போன் செய்து "ஏதாவது தகவல் வந்துச்சா?" என்று துருவாதீர்கள். நல அலுவலகத்துக்கோ அருகிலுள்ள ராணுவ முகாமுக்கோ சொல்லுங்கள். அதற்குள் வீட்டார் உங்களிடமே கேட்டுவிட்டால், "இப்படி ஒரு செய்தி கேள்விப்பட்டேன், உறுதியாகத் தெரியவில்லை, விசாரிக்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம். செய்தி வந்த அன்றே பென்ஷன், இன்சூரன்ஸ் என்று காகிதம் நீட்டுகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்த வேலைகள் சில நாள் பொறுக்கும்.

படையில் பிள்ளை இருக்கும் வீடுகள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த லீவில் வரும்போது, ரெக்கார்டில் யார் பெயர், எந்த முகவரி, எந்த போன் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணம் ஆகியும் அதைப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட் டிவிஷன் மாறி, லைன் வீடு மாறி, பழைய முகவரியே பதிவில் கிடக்கும். பந்தலூர், கூடலூர் பக்கம் டவர் கிடைக்காத வீடுகள், நம்பகமான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் நம்பரையும் கொடுத்து வையுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று.