1984 காருக்கு 1972-ன் மூக்கு

சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. லாரி கேபின், டிராக்டர் மட்கார்டு, டோல்கேட் வரிசையில் முட்டிக்கொண்ட கார்கள், எல்லாம் அங்கேதான் வரும். என் பழைய மாருதி 800-ன் கதவு அடியில் துரு அரித்து உதிர ஆரம்பித்ததால் நானும் போயிருந்தேன். பட்டறைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். 1984-ல் செய்த போர்ஷே 911 என்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, 1972-ல் வந்த கார் மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "முன் பம்பரும் பானட்டும்தானே தம்பி? ரெண்டு நாள் வேலை" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்பாசிடருக்குப் பழைய கிரில் மாட்டுகிற மாதிரி ஒரு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்தப் பம்பருக்குப் பின்னால் ஒரு சட்டமும் கொஞ்சம் இயற்பியலும் ஒளிந்திருக்கின்றன என்று.

இந்த வேலைக்கு 'பேக்டேட்டிங்' என்று பெயர். காரின் தேதியைப் பின்னால் தள்ளுவது. 911-ல் இது அதிகம் நடப்பதற்குக் காரணம், அந்தக் காரின் அடிப்படை வடிவம் பல வருடங்களுக்கு மாறவே இல்லை என்பதுதான். 1963-ல் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் எங்களுடையவை என்று பியூஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. கூரை, கதவு, கண்ணாடி என்று நடுப்பகுதி 1989 வரை கிட்டத்தட்ட அதே அச்சு. மாறியது முன்னும் பின்னும்தான். நடு உடம்பு ஒன்றாகவே இருந்தால், பழைய மூக்கைப் புதிய காரில் பொருத்த வழி இருக்கிறது அல்லவா?

சரி, மூக்கு ஏன் மாறியது? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது முட்டினால் விளக்கு, பானட் பூட்டு போன்றவை பழுதாகக் கூடாது. 8 கிலோமீட்டர் என்பது நாம் ஓடிப்போய்ப் பஸ் பிடிக்கிற வேகம். இதற்குப் போய் ஒரு சட்டமா என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 கிலோ எடையுள்ள கார் அந்த வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 3,000 ஜூல். அதே காரைக் கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தொப்பென்று கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றல் இது.

இந்த ஆற்றல் எவ்வளவு தூரத்தில் தீர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கார் 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், முட்டிய இடத்தில் விழும் சராசரி விசை ஏறக்குறைய 30 டன் எடைக்குச் சமம். கல் ஏற்றிய லாரி ஒன்று மூக்கின் மேல் உட்கார்ந்த மாதிரி. அதே கார் 5 சென்டிமீட்டர் பின்வாங்கி நின்றால் விசை 6 டன்னாகக் குறைந்துவிடும். கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும்போது முழங்காலை மடக்குகிறோமே, அதேதான்.

ஆக, பம்பருக்கு உள்ளே போக இடம் வேண்டும். 1974 மாடலில் போர்ஷே கனமான அலுமினியப் பம்பரை உடம்பிலிருந்து தள்ளி வைத்து, இடைவெளியை ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு ரப்பரால் மூடியது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் பம்பருக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் போன்ற எண்ணெய் உருளைகள். மற்ற நாடுகளுக்கு, மோதினால் நசுங்கும் குழாய்கள். பம்பர் மேலே ஏறியதால் பானட்டின் நுனி குட்டையானது. அதற்கு முந்தைய கார்களில் பானட் வளைந்து கீழே வரை இறங்கும், இண்டிகேட்டர் மட்கார்டில் இருக்கும். புதியதில் இண்டிகேட்டர் பம்பருக்குள் போய்விட்டது. ரசிகர்கள் ஏங்குவது அந்த நீண்ட பானட்டுக்குத்தான். என் கண்ணுக்கும் அதுதான் அழகு. ஆனால் அதை மாட்டுகிறவர் அந்த 5 சென்டிமீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாட்டுகிறார்.

அப்படியானால் நேரடியாக ஒரு பழைய காரையே வாங்கலாமே? விலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் துரு. ஆரம்ப கால 911-ன் உடம்பு சாதாரண இரும்புத் தகடு. என் மாருதிக் கதவுக்கு நேர்ந்தது அதற்கும் நேரும். 1976 மாடலிலிருந்து போர்ஷே துத்தநாகம் பூசிய தகட்டில் உடம்பு கட்டியது. நம் வீட்டு ஜி.ஐ. பக்கெட்டில் இருக்கும் அதே பூச்சு. துத்தநாகம் இரும்பை மூடி மட்டும் காப்பதில்லை; ஒரு கீறல் விழுந்தாலும் ஈரத்தில் தான் முதலில் கரைந்து இரும்பை விட்டுவைக்கும். அதனால்தான் 1978-லிருந்து 1989 வரை வந்த கார்களை இந்த வேலைக்குத் தேடுகிறார்கள். துரு குறைவு. எஞ்சினும் பெரிது: முதலில் 3 லிட்டர், 1984 முதல் 3.2 லிட்டர்.

இனிப் பட்டறைக்குள் போகலாம். 911-ன் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, கழற்றிவிடலாம். பானட்டும் அப்படியே. பாய் சொன்ன ரெண்டு நாள் இதுவரைக்கும் சரிதான். ஆனால் பானட் பூட்டு உட்காரும் குறுக்குத் தகடு வெல்டிங் செய்யப்பட்டது. நீண்ட பானட்டுக்கு அது வேறு இடத்தில், வேறு வடிவில் வேண்டும். பழையதை வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும்.

இங்கே நம்மைக் காத்த துத்தநாகமே திரும்பிக் கடிக்கிறது. இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். துத்தநாகம் 420-ல் உருகி 907-ல் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் பொறி பட்டதும் வெள்ளைப் புகையாகக் கிளம்பும் அதை மூச்சில் இழுத்தால், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். "ஜி.ஐ. பைப் வெல்டிங் பண்ணின அன்னைக்கு ராத்திரி நடுங்கும் தம்பி, பால் குடிச்சாச் சரியாயிடும்" என்றார் பாய். நடுக்கம் உண்மை. பால்தான் வெறும் நம்பிக்கை. ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் தானாகவே அடங்குவதால் பாலுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. மூட்டில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தகுந்த முகமூடியோடு பற்றவைப்பதே வழி. வேலை முடிந்ததும் அந்த இடத்துக்குத் துத்தநாகம் கலந்த ப்ரைமர் அடிக்காவிட்டால், துரு பிடிக்காத காரில் துரு பிடிக்க நாமே வாசல் வைத்த கதைதான்.

அடுத்த சிக்கல் தகடு கோணுவது. கார்த் தகடு 1 மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒரே இழுப்பில் பற்றவைத்தால் அப்பளம் மாதிரி நெளியும். சூடான இடம் விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் தராது. எனவே சூடான உலோகம் தனக்குள்ளேயே நெருங்கித் தடிக்கிறது. ஆறும்போது சுருங்குகிறது, ஆனால் பழைய அளவுக்கு வராமல் அதைவிடக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவு பக்கத்துத் தகட்டை இழுக்கிறது. அதனால்தான் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி என்று பொறுமையாகப் போகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கெடுப்பதும் சரிசெய்வதும் ஒரே இயற்பியல். பாய் ஒரு காரியம் செய்வார்: தளர்ந்துபோய் 'டபக் டபக்' என்று உள்ளே வெளியே போகும் தகட்டில், ஒரு ரூபாய் அளவுக்குச் சிவக்கச் சூடு காட்டி, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஈரத் துணியை வைத்து அமுக்குவார். சுஸ் என்று சத்தம் வரும். தகடு விறைத்துக்கொள்ளும். வேண்டாத இடத்தில் கோணலை உண்டாக்கிய அதே சுருக்கத்தை வேண்டிய இடத்தில் வரவழைக்கிறார். ஓசூர் சிப்காட் பக்கம் பிரஸ் மெஷின்கள் ஒரே அமுக்கில் பேனல் அடிக்கின்றன. ஒரே ஒரு காருக்காக அதற்கான டை, அதாவது அச்சு, செய்ய முடியாது என்பதால், உலகத்தில் எங்கே இந்த வேலை நடந்தாலும் கடைசியில் சுத்தியலும் ஈரத் துணியும்தான்.

தகடு வேண்டாம் என்பவர்கள் ஃபைபர் கிளாஸுக்குப் போகிறார்கள். 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 6 கிலோவைத் தாண்டும். ஃபைபரை 2.5 மில்லிமீட்டர் கனத்தில் போட்டாலும் 4 கிலோவுக்குள் முடியும். ரெசினில் ஹார்ட்னர் கலந்தால் அது தானே சூடாகி இறுகும். சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக இறுகும், டப்பாவிலேயே கல்லாகிவிடும். நம் கிரானைட் பட்டறைகளில் விரிசல் அடைக்கிறவர்களுக்கு இந்த அவசரம் நன்றாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் 2009-ல் ராப் டிக்கின்சன் தொடங்கிய ஸிங்கர் நிறுவனம் 1989 முதல் வந்த 964 வகை 911 கார்களை எடுத்து, கார்பன் ஃபைபரில் பழைய உருவம் கொடுக்கிறது. அது வேறு பண உலகம், நமக்கு வேண்டாம்.

ஆனால் முன்பக்க எடையைக் குறைப்பது இந்தக் காரில் அவ்வளவு அப்பாவியான காரியம் இல்லை. 911-ன் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் வீசும். ஆரம்ப காலத்தில் முன்பக்கம் லேசாக இருப்பதைச் சமாளிக்க, முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தது போர்ஷே. சந்தையில் தராசு சமமாகக் கல் வைக்கிற கதை! பிறகு 1969 மாடலில் எஞ்சினை அங்கேயே விட்டு, பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். 1984 காரில் அந்தத் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. கனமான பம்பரைக் கழற்றி ஃபைபர் மாட்டுகிறவர் அந்தத் திருத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்.

எஞ்சின் காற்றால் குளிர்வது என்றாலும் பாதி வேலையை எண்ணெய் செய்கிறது. இந்தக் கார்களில் வலது முன் மட்கார்டுக்குள் ஒரு ஆயில் கூலர் உண்டு. பழைய பாணிப் பம்பரில் அதற்குக் காற்று வரும் திறப்பை விட மறந்தால், நம் மே மாத வெயிலில் ஆயில் மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

பின்பக்கம் எளிது. பின் மட்கார்டுகள் உடம்போடு பற்றவைத்தவை, பிற்காலக் கார்களில் அகலமானவை. 1973 மாடலான கரேரா ஆர்.எஸ். வகை 911-க்கும் பின்பக்கம் அகலம்தான் என்பதால், பலர் வெட்டாமல் அந்தக் காரின் வேஷத்தைப் போட்டுவிடுகிறார்கள். வாத்து வால் போல ஒரு தூக்கலை எஞ்சின் மூடியில் வைத்தால் போதும். அந்த வால் அழகுக்காக வந்ததில்லை, வேகத்தில் பின்பக்கம் மேலே எழும்புவதைக் குறைக்க வந்தது.

நம் ஊரில் இதைச் செய்யலாமா? 911 கிடைத்தால்கூடச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். 1972 வேஷம் போட்ட 1984 கார் இரண்டு கணக்கிலும் சேராது.

கதவு வேலை முடிந்து வண்டி எடுக்கப் போன அன்று இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். பம்பர் கணக்கைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. 1972 மாடலில் மட்டும் போர்ஷே ஆயில் டேங்க்கை வலது பின் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, வெளியிலிருந்தே ஆயில் ஊற்ற ஒரு சின்ன மூடி வைத்தது. எடை கொஞ்சம் முன்னுக்கு வரும் என்ற கணக்கு. பங்க் பையன்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து உள்ளே பெட்ரோலை ஊற்றிவிட்டார்கள். அடுத்த வருடமே டேங்க் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அச்சு அசல் 1972 வேண்டும் என்பவர் அந்த மூடியையும் வெட்டி வைக்க வேண்டும்.

பாய் மகனைத் திரும்பிப் பார்த்தார். "யாராச்சும் கொண்டாந்தா செஞ்சு குடு. ஆனா அந்த மூடி திறக்கக் கூடாது. உள்பக்கமா ஒரு பொட்டு வெல்டிங் வச்சிரு."