பயம் கிளினிக் வாசல்வரைதான் கூட வரும்

"கொஞ்சம் பயமுறுத்திச் சொல்லுங்க டாக்டர், அப்பத்தான் கேப்பாரு." கணவரை இழுத்துக்கொண்டு வரும் மனைவிமார் பலர், அவர் செருப்பைக் கழற்றி வைக்கும் இடைவெளியில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்வது இது. பயந்தால்தான் மனிதன் திருந்துவான் என்பதில் நம் ஊருக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டில் பூச்சாண்டி, பள்ளிக்கூடத்தில் பிரம்பு, ஆஸ்பத்திரியில் டாக்டர்.

பல் மருத்துவராக இருந்து நான் பார்த்தவரையில், பயத்துக்கு ஆளை நகர்த்தும் சக்தி நிச்சயம் உண்டு. எந்தப் பக்கம் நகர்த்தும் என்பதுதான் நம் கையில் இல்லை. எது பக்கத்தில் இருக்கிறதோ அதிலிருந்துதான் முதலில் விலகி ஓடச் சொல்லும். பாக்கு மெல்லுகிறவருக்கு என்றைக்கோ வரலாம் என்கிற புற்றுநோய் தூரத்தில் இருக்கிறது. என் கையில் இருக்கும் ஊசி மூக்குக்கு நேரே இருக்கிறது. அதனால் பாக்கை விடச் சொன்னால் பலர் டாக்டரை விட்டுவிடுகிறார்கள்.

டைல்ஸ் போடும் வேலை செய்கிற ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. "மூணு விரலை ஒண்ணா அடுக்கி, நெட்டா வாய்க்குள்ள வைங்க பாப்போம்" என்றேன். சாதாரணமாக யாருக்கும் மூன்று விரல் போகும். அவருக்கு இரண்டே சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. "காரம் பட்டா எரியுமா?"

"எரியும் சார். அதனால வீட்ல எனக்கு மட்டும் தயிர் சோறுதான்."

கன்னத்தின் உட்பக்கம் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருக்கவேண்டிய தோல் வெளுத்துப் போயிருந்தது. விரலால் தடவினால் உள்ளே கயிறு மாதிரி பட்டை பட்டையாகத் தட்டுப்பட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வருவது இது. வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும். இறுகியது முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலே மேலே இறுகுவதைத் தடுக்கவோ மெதுவாக்கவோ வாய்ப்பு உண்டு. எரிச்சல் குறைய மருந்து உண்டு, வாயைத் திறக்கப் பயிற்சி உண்டு.

அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது, புற்றுநோய்ப் படம் உள்பக்கம் போகிற மாதிரி கவனமாக மடித்து. (தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை 2013-லேயே வந்துவிட்டது. தடையும் இருக்கிறது, பொட்டலமும் இருக்கிறது.) வாய் திறக்கச் சிரமமாகி இரண்டு வருடமாம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க ஏதாவது சொல்லிட்டா அப்புறம் சோறு இறங்காது சார்" என்றார். அவரைப் போய் நான் இன்னும் என்னத்தைப் பயமுறுத்துவது? தேவைக்கு மேலேயே பயந்துபோய்த்தான் இரண்டு வருடம் வராமல் இருந்திருக்கிறார்.

இந்த மாதிரி பயங்கள் நாற்காலியைச் சுற்றி நிறைய உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது ஒன்று. பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. இதைவிட ஆபத்தானது, சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றதும் வருகிற பதில்: "கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே?" பரவாது. துண்டு எடுத்துப் பார்க்காமல் இது என்ன நோய் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனாலும் அந்த ஒரு பயத்தில் எழுந்து போகிறவர், சின்ன அறுவைச் சிகிச்சையோடு முடிய வேண்டியதைத் தாடை எலும்புவரை வளரவிட்டுத் திரும்பி வருகிறார்.

சரி, வலி பயம்? அதாவது வேலை செய்யுமே என்று கேட்கலாம். செய்யும், வலி இருக்கிறவரை. சொத்தை பல்லின் நரம்புவரை இறங்கிவிட்டால் ராத்திரி தூங்க விடாது. அடுத்த நாள் காலை கிளினிக் திறப்பதற்கு முன்பே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். ரூட் கேனாலின் முதல் நாள் வேலையிலேயே பெரும்பாலும் வலி அடங்கிவிடும். வலியோடு ஆளும் காணாமல் போய்விடுவார். அடுத்த முறை வந்து வேரைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், மேலே கேப் போட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். சில மாதம் கழித்து அதே பல் பாதியாக உடைந்தோ ஈறு வீங்கியோ வருவார். டாக்டரிடமே போகாதவர்கள் கதை இன்னும் மோசம். நரம்பு செத்துப்போனால் வலி தானாகவே நின்றுவிடும். "கிராம்புத் தைலத்துலயே சரியாயிடுச்சு" என்று ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பார்கள், உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருக்கும். பயத்தை நம்பிச் சிகிச்சையைத் திட்டமிட்டால் முதல் நாளோடு சரி, இரண்டாம் நாளுக்கு ஆள் இருக்காது.

இதை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கத் தொடங்கியது பல்லை வைத்துத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1953-ல் இர்விங் ஜானிஸ், சீமூர் ஃபெஷ்பாக் என்ற இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாகப் பேச்சு தயாரித்தார்கள். ஒன்றில் அழுகிய ஈறு, வலி, பயங்கரமான படங்கள். இன்னொன்று மிதம். மூன்றாவதில் பயமுறுத்தலே ரொம்பக் குறைவு. ஒரு வாரம் கழித்து யார் சொன்னபடி நடந்தார்கள் என்று பார்த்தால், கடுமையாகப் பயமுறுத்தியதில் கிடைத்த மாற்றம் 8 சதவீதம், மிதத்தில் 22, குறைவாகப் பயமுறுத்தியதில் 36.

பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே பாட்டைப் பாடவில்லை. பயமும் பலன் தருகிறது என்று சொன்னவை நிறைய. 2015-ல் அவற்றையெல்லாம் சேர்த்து அலசியபோது தெரிந்த இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. என்ன செய்ய வேண்டும், அது உன்னால் முடியும் என்றும் சேர்த்துச் சொன்னால் பலன் கூடுகிறது. அப்புறம், தடுப்பூசி மாதிரி ஒரே தடவை செய்துவிட்டு மறந்துவிடக் கூடிய காரியங்களில்தான் பயம் நன்றாக எடுபடுகிறது, தினம் தினம் செய்ய வேண்டியதில் அவ்வளவாக இல்லை. பாக்கை ஒரு நாள் விட முடியாதா என்ன? நாளைக்கும் விட வேண்டும், நாளை மறுநாள் டீ குடித்த பிறகும் விட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் கூட இருந்தவர்களும் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி மாணவர்களுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். சிலருக்குக் கோரமான படங்களோடு, சிலருக்கு லேசாக மட்டும் பயம் காட்டி. கோரப் படம் பார்த்தவர்கள் "கட்டாயம் போட்டுக்கணும்" என்று பலமாகச் சொன்னார்கள். போட்டுக்கொண்டவர்கள் எண்ணிக்கையில் மட்டும் வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தைக் கொண்டுவந்தது வேறொன்று. சிலருடைய புத்தகத்தில் சுகாதார மையத்துக்கு வழி காட்டும் வரைபடமும், உங்கள் வேலைகளுக்கு நடுவே எப்போது போவீர்கள் என்று யோசிக்கச் சொல்லும் குறிப்பும் இருந்தன. அது இல்லாதவர்களில் ஊசி போட்டுக்கொண்டது சுமார் 3 சதவீதம், இருந்தவர்களில் சுமார் 28. இத்தனைக்கும் கடைசி வருட மாணவர்கள், அந்த மையம் எங்கே என்று தெரியாதவர்கள் இல்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பயமே காட்டாமல் வழி மட்டும் சொன்ன இன்னொரு தனிக் குழுவில் யாரும் போகவில்லை. லேசாக ஒரு உறுத்தல் தேவைப்படுகிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் லாபம் இல்லை.

நம் நாட்டிலும் இதைப் பார்க்கலாம். 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், மெல்லும் புகையிலை போடுகிறவர்களில் சுமார் 46 சதவீதம்பேர் பொட்டலத்தின் எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிட நினைத்ததாகச் சொன்னார்கள். நினைத்தார்கள், அவ்வளவுதான். 2016-ல்தான் எச்சரிக்கைப் படம் பொட்டலத்தின் 85 சதவீத இடத்தைப் பிடித்தது. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல காரியம் 2018 செப்டம்பரில் நடந்தது. படத்தோடு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் அச்சிட வைத்தார்கள். பயந்தவனுக்கு ஒரு வழியும் கிடைத்தது.

குழந்தைகள் விஷயத்தில் அம்மாக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "சும்மா இருக்கலேன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று சொல்லிக் கூட்டிவராதீர்கள். அந்தக் குழந்தை வாயைத் திறக்காது. நாங்கள் முதலில் சொல்லுவோம், அப்புறம் காட்டுவோம், அதற்குப் பிறகுதான் செய்வோம். சுற்றுகிற பிரஷ்ஷை முதலில் குழந்தையின் நகத்தில் ஓட்டிக் காட்டினால் கூச்சத்தில் சிரிக்கும். வாயைத் திறக்க அந்தச் சிரிப்பு போதும்.

பெரியவர்களைத் தானாகக் கொண்டுவருவது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் கல்யாணம்! முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பல் சுத்தம் செய்ய வருகிற மாப்பிள்ளைகளிடம் யாரும் ஈறு நோயைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்க மாட்டார்கள். போட்டோவில் நன்றாக இருக்கணும், அவ்வளவுதான். பேரனைத் தூக்கினால் "தாத்தா வாய் நாறுது" என்கிறான் என்று வருகிறவர்கள் உண்டு. கறி மென்று சாப்பிட முடியவில்லை என்று பல் செட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. வெட்கம், ஆசை, நாக்கு ருசி எல்லாம் பயத்தைவிட நின்று வேலை செய்கின்றன.

அதனால் டைல்ஸ்காரரிடம் படம் எதுவும் காட்டவில்லை. எப்போதெல்லாம் போடுகிறார் என்று கேட்டேன். டீக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்புறம் சைட்டில் மற்றவர்கள் நீட்டும்போது. டீக்குப் பிறகு என்ன, சோம்பா ஏலக்காயா என்று அவரையே முடிவு செய்யச் சொன்னேன். மற்றவர்கள் நீட்டினால் என்ன சொல்வது என்பதற்கு "டாக்டர் வாயைத் தைச்சுட்டாருன்னு சொல்லிக்கறேன்" என்றார். எந்த நாளிலிருந்து நிறுத்துவது என்பதையும், அடுத்து என்னிடம் வரும் தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். காரக்குழம்பு திரும்பச் சாப்பிட முடியுமா என்று கேட்டார். நிறுத்தி, மருந்தும் போட்டால் எரிச்சல் குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டில் யாராவது பாக்கு, புகையிலை போடுகிறார்கள் என்றால் வாட்ஸ்அப்பில் வாய்ப் புற்றுநோய்ப் படங்களை அனுப்புவதை விடுங்கள். மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் காட்ட வேண்டும், வலிக்கவில்லை என்றாலும்தான். ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கும். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாயைப் பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறது. என்றைக்குப் போகிறோம், எத்தனை மணிக்கு, யார் கூட வருவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் "எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் சொன்னால் எங்களுக்கு வேலை சுலபம். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு ஆரம்பிப்போம்.