நிலைமத் திருப்புத்திறனா, சுழல் நிலைமமா?

சாய்தளத்தில் உருளைகளை உருட்டிக் காட்டுவது, இயந்திரவியல் மாணவர்களின் இயக்கவியல் வகுப்பில் பழகிய செய்முறை. ஒரே நிறை, ஒரே ஆரம் உள்ள இரண்டு உருளைகள். ஒன்று கெட்டியானது, மற்றது மெல்லிய சுவர் கொண்ட குழாய். வழுக்காமல் உருண்டால், கெட்டி உருளையின் முடுக்கம் குழாயினுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகவே அதுதான் முந்தும். இதற்குத் தமிழில் எழுதப்படும் காரணம்: 'குழாயின் நிலைமத் திருப்புத்திறன் அதிகம்.' ஆங்கிலத்தின் 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா'வை மொழிபெயர்த்த பெயர் இது. திருப்பும் திறன் அதிகமுள்ளது ஏன் பின்தங்க வேண்டும்? இப்படிக் கேட்கும் மாணவர் மீது குற்றமில்லை. பெயரே அவரைத் தவறான திசையில் அனுப்புகிறது.

ஆங்கிலப் பெயரின் வேர் லத்தீனில் இருக்கிறது. நாம் நிலைமம் என்னும் 'இனர்ஷியா' அங்கே செயலின்மை. 'மொமென்டம்' அசைவைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 1765-இல் கணித அறிஞர் ஆய்லர் திண்பொருள் இயக்கம் பற்றிய நூலில் இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தினார். ஒவ்வொரு துகளின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் வரும் அளவு அது.

'திருப்புத்திறன்' விசைக்குப் பொருந்தும். ஸ்பேனரின் நுனியைப் பிடித்து அழுத்தினால் மறை திரும்புகிறது. அங்கே திருப்புவது விசை. நிலைமம் எதைத் திருப்புகிறது? எதையும் இல்லை. சுழலத் தொடங்குவதையும் சுழற்சி நிற்பதையும் அது எதிர்க்கிறது. போதாக்குறைக்கு, வாட்டில் அளக்கும் 'திறன்' வேறு அதே பாடத்தில் வருகிறது. இலங்கை வழக்கான 'சடத்துவத் திருப்பம்' அந்தத் திறனைத் தவிர்த்துவிட்டது, நல்லது. ஆனால் திருப்பம் அப்படியே நிற்கிறது.

'சுழல் நிலைமம்' என்பதே சரி. நிலைமம் என்ன என்று மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். சுழற்சியில் அது எப்படி வெளிப்படுகிறது என்பதே புதிது. மூலத்தில் இரண்டு சொற்கள் இருந்தால் இங்கும் இரண்டையும் ஒட்டவைத்தாக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே ஆசிரியர்கள் பலர் 'ரொட்டேஷனல் இனர்ஷியா' என்றும் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டுவதற்கு முன் உருளையை ஒருமுறை கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்திருந்தால் இந்தப் பெயர் பிறந்தே இருக்காது.

இன்னொரு குழப்பமும் தீரும். பாரம் தாங்கும் விட்டங்களின் (பீம்) வளைவைக் கணக்கிடும்போது வரும் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறனையும் சுருக்கமாக இதே பெயரால் அழைக்கிறார்கள். அங்கே நிறைக்கு இடமே இல்லை. அலகு மீட்டரின் நான்மடி. சுழல் நிலைமத்துக்கோ கிலோகிராம் மீட்டர் இருமடி. விட்டத்துக்குப் பழைய பெயரே இருக்கட்டும், 'பரப்பின்' என்ற அடையை மட்டும் விடாமல் எழுதினால் போதும்.