சைட்மேப் கொடுத்தால் கூகுளில் முன்னால் வருமா?

புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “வாரா வாரம் சைட்மேப் சப்மிட் பண்றோம். ஆனா வெண்கலப் பானைன்னு தேடினா எங்க கடை வரமாட்டேங்குதே, ஏன் சார்?”

சைட்மேப் என்பது நம் தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் ஒரு கோப்பு. பக்கத்தைக் கண்டுபிடிப்பது, படித்து இன்டெக்ஸில், அதாவது தன் அட்டவணையில் சேர்ப்பது, தேடும்போது வரிசைப்படுத்துவது என்று தேடுபொறிக்கு மூன்று வேலை. சைட்மேப் உதவுவது முக்கியமாக முதல் வேலைக்கு. வரிசையில் முன்னே தள்ளும் சக்தி அதற்கு இல்லை. 500 பக்கத்துக்குள் இருக்கிற தளம், எல்லாப் பக்கத்துக்கும் முகப்பிலிருந்து லிங்க் பிடித்துப் போய்விடலாம் என்றால், சைட்மேப்பே தேவைப்படாமல் போகலாம் என்று கூகுளே சொல்கிறது. அதைவிடப் பானை எத்தனை லிட்டர், என்ன எடை, ஈயம் பூசியதா என்பதையெல்லாம் பக்கத்தில் எழுத்தாக எழுதுங்கள்.

2005ல் கூகுள் கொண்டுவந்த இந்தக் கோப்பில் என்னை மயக்குவது ‘லாஸ்ட்மாட்’ என்கிற சின்ன வரி. அந்தப் பக்கம் கடைசியாக எப்போது மாறியது என்று அது சொல்லும். இணையத்தில் கணக்கில்லாத பக்கங்கள். எல்லாவற்றையும் தினமும் போய்ப் பார்க்க கிராலரால், அதாவது பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும் தேடுபொறியின் மென்பொருளால், முடியாது. பானையின் விலையை மாற்றுகிறீர்கள், லாஸ்ட்மாட் தேதியும் 2025-01-14 என்று மாறுகிறது. சரி, இதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவெடுக்க அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வந்து பார்த்தால் பக்கமும் நிஜமாகவே மாறியிருக்க வேண்டும். சில மென்பொருள்கள் ஒன்றுமே மாறாத பக்கத்துக்கும் தினமும் அன்றைய தேதியைப் போட்டுவிடும். அப்புறம் புலி வருது கதைதான். அந்தத் தளம் சொல்லும் தேதியை கூகுள் கண்டுகொள்ளாது.

அதே கோப்பில் ‘பிரையாரிட்டி’ என்று இன்னொரு வரி உண்டு. நம் பக்கம் எவ்வளவு முக்கியம் என்று நாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை. சோதித்துப் பார்க்க முடிகிற தகவலுக்கு மட்டும் மதிப்பு. அறிவியலில் எனக்குப் பிடித்த குணமே இதுதான், அதை ஒரு மென்பொருளுக்குள் பார்க்கும்போது உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

வாரா வாரம் சப்மிட் செய்வதை மூடநம்பிக்கை என்றுதான் சொல்வேன். தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்கிற கருவியில் ஒருமுறை கொடுத்துவிட்டால் கூகுள் அவ்வப்போது தானே வந்து எடுத்துக்கொள்ளும். சைட்மேப் மாறிவிட்டது என்று தட்டிச் சொல்லும் ‘பிங்’ வசதியைக்கூட 2023ல் அது கைவிட்டது. அப்படி வந்த பிங்குகளில் பெரும்பாலானவை ஸ்பாம் என்கிற குப்பைப் பக்கங்களுக்குத்தான் கொண்டுபோய் விட்டன. சைட்மேப் சப்மிட் செய்வதற்கென்று மாதாமாதம் பில் போடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.