ஸ்கோப் பொருத்தும்போது நசுங்கிவிட்டால், தயாரிப்பாளரிடம் நடந்ததைச் சொல்லுங்கள்

பெங்களூரில் பைனாகுலர், சர்வே கருவி, ஏர் ரைபிள் ஸ்கோப் (குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி) ஆகியவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் ஸ்கோப்புகளில் கணிசமானவை பயன்பாட்டில் தேய்ந்தவை அல்ல. வாங்கிய புதிதில், துப்பாக்கியில் பொருத்தும்போதே கெட்டவை. கொண்டு வருபவர்களில் பலர், “கம்பெனிக்கு என்ன சொல்லி வாரண்டி கேட்கலாம்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள் என்பதே என் பதில்.

சேதம் எப்படி நேர்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங் விசையில் இயங்கும் ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். அந்தப் பிஸ்டன் சிலிண்டரின் முனையை எட்டி நிற்கும்போது மறுபடி முன்னுக்கு உதறும். இந்த இருதிசை அதிர்வில், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட், துப்பாக்கியின் மேலுள்ள பள்ளத்தில் மெல்ல நகரத் தொடங்குகிறது. நகர்வதைக் கண்டவுடன் பலரும் ஸ்கோப்பைச் சுற்றியுள்ள ரிங்கின் ஸ்க்ரூக்களைத்தான் மேலும் இறுக்குகிறார்கள். நகர்வது ரிங்குக்குள் இருக்கும் ஸ்கோப்பின் குழாய் அன்று, அடியில் இருக்கும் மவுண்ட். அதற்குத் தேவை, நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் என்ற முளை உள்ள ஒரே துண்டு மவுண்ட். ரிங் ஸ்க்ரூக்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் இறுக்கம் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் மட்டுமே. நீளமான ஆலன் கீயைக் கையில் பிடித்து இறுக்குபவர் இந்த அளவைத் தாண்டுவது தமக்கே தெரியாது. ஸ்க்ரூ தளராமலிருக்கப் பூசும் திரெட் லாக் பசையைத் தடவினால் உராய்வு குறைந்து, அதே திருகலில் குழாயின் மேல் விழும் அழுத்தம் இன்னும் கூடிவிடுகிறது.

அல்சூரில் வசிக்கும் சேலத்து இளைஞர் ஒருவர் கொண்டு வந்த ஸ்கோப்பில் இதுதான் நடந்திருந்தது. ரிங்குகளைக் கழற்றிவிட்டு, டியூப்லைட் வெளிச்சம் குழாயின் மேல் நீளவாக்கில் விழும்படி மெல்ல உருட்டிப் பார்த்தேன். நேராக ஓட வேண்டிய ஒளிக்கோடு, பின் ரிங் இருந்த இடத்தில் வளைந்து உடைந்தது. குறியைச் சரிசெய்யும் குமிழான டரெட்டைத் திருப்பினால் கிளிக் சத்தம் கேட்டது, ஆனால் குறுக்குக் கம்பி நகரவில்லை. வெளிக்குழாய் உள்வாங்கியதில் உள்ளே டரெட் நகர்த்த வேண்டிய சிறு குழாய் சிக்கிக்கொண்டிருந்தது. “கூரியர்ல அடிபட்டுச்சுன்னு எழுதிடலாமா அண்ணா?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி, ரிங் தடத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்” என்றேன். எந்த ரிங், எதைக் கொண்டு இறுக்கினார், எப்போது கோளாறு தெரிந்தது என்பதைப் படங்களுடன் எழுதி அனுப்பினார்.

தயாரிப்பாளரிடமிருந்து வந்த பதிலை நானும் படித்தேன். இது உற்பத்திக் குறை அன்று என்பதை மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் இம்முறை மாற்றித் தருவதாகவும், பொருத்தும்போது பயன்படுத்த வேண்டிய இறுக்க அளவைப் புதிய ஸ்கோப்புடன் அச்சிட்டுத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். ரிங்கின் மாடலைக் கேட்டு வாங்கி, அதன் இரு பாதிகளும் நேராகப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கவும் சொன்னார்கள். நல்ல சேவை என்று நான் மதிப்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். ரிங்கே கோணலாக இருந்தால் மாற்றித் தரும் ஸ்கோப்பும் அதே இடத்தில்தான் நசுங்கும்.

எல்லா நிறுவனங்களும் இப்படி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. வோர்ட்டெக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் வாழ்நாள் வாரண்டி, வேண்டுமென்றே செய்த சேதம், திருட்டு, தொலைந்துபோதல் போன்றவற்றைத்தான் விலக்குகிறது. கைத்தவறுதலை அது விலக்குவதில்லை. வேறு பல வாரண்டிகள் உற்பத்திக் குறையோடு நின்றுவிடும். அத்தகைய நிறுவனத்திடம் நீங்கள் கேட்பது சலுகையே தவிர உரிமையன்று. பொய்யான காரணம் சொன்னால் அந்தச் சலுகைக்கான வாய்ப்பும் போய்விடும். எழுத்தில் தந்த வாரண்டியை நிறுவனம் மதிக்க மறுக்கும்போது நிலைமை வேறு. அப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்; 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்.

ஸ்கோப்பை எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வந்த ஸ்கோப்புக்கு வாரண்டி இருந்தாலும், பழுதானால் அனுப்பி வாங்குவது பெரும்பாடு. துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், அங்குள்ள தயாரிப்பாளர் மனமிருந்தாலும் மாற்று ஸ்கோப்பை நேராக உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அங்கீகாரம் பெற்ற இந்திய விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கியவருக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அனுப்பும் முன் ரிங்குகளோடும் இல்லாமலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீரியல் எண் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். நசுங்கிய குழாயை நிமிர்த்தவோ திறந்து பார்க்கவோ முயல வேண்டாம். திறந்தால் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வெளியேறிவிடும், அதன்பின் லென்ஸில் பனி படிவதைத் தடுக்க முடியாது. துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு ஸ்கோப்பை மட்டும் அனுப்புங்கள். ரிங்குகளையும் சேர்த்து அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.