குடியை விட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

1930-ஆம் ஆண்டு கோடையில் ஓர் அமெரிக்க எழுத்தாளர், சுவிட்சர்லாந்தில் தன் மனைவிக்குச் சிகிச்சை அளித்துவந்த மனநல மருத்துவர் ஆஸ்கர் ஃபோரெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். மனைவி குணமாக வேண்டுமென்றால் நீங்கள் குடியை விட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் பதில். ஆறு மாதம் நிறுத்திப் பார்க்கச் சம்மதம், கடும் மதுவை நிரந்தரமாகவே விடவும் சம்மதம். ஒயினை மட்டும் ஆயுளுக்கும் தொட மாட்டேன் என்று கையெழுத்துப் போட முடியாது என்றார். காரணத்தையும் சொன்னார்: அடியோடு விட்டுவிட்டால், இந்தப் பேரிடருக்கெல்லாம் என் குடிதான் காரணம் என்று அவள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நானே ஒப்புக்கொடுத்ததாக ஆகிவிடாதா?

எழுதியவர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் ஆசிரியர். மனைவி ஸெல்டா.

குடிநோய் சிகிச்சையில் வேலை செய்கிற எனக்கு இந்தக் கடிதத்தின் வாதம் மிகவும் பழக்கமானது. ஆங்கில நாவல் எதையும் படித்திராத மனிதர்கள் இதையே என் அறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். “விடுறேன் டாக்டர், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா இப்ப விட்டா, அவ அப்பா சொன்னது சரின்னு ஆயிடும்ல?” குடியை விடுவது உடல்நலம் சம்பந்தப்பட்ட முடிவு என்ற நிலையிலிருந்து நழுவி, ஒரு குடும்ப வழக்கின் தீர்ப்பாக மாறிவிடுகிறது. வழக்கு முடியாதவரை குடியும் முடிவதில்லை.

ஸ்காட்டும் ஸெல்டாவும் சந்தித்தது 1918-இல், அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில். அவர் அந்த ஊருக்கு அருகிலிருந்த ராணுவ முகாமில் இளம் அதிகாரி. அவர் முதல் நாவல் 1920 மார்ச் 26 அன்று வெளியானது. ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கில் கல்யாணம். அமெரிக்காவில் அந்த ஜனவரியில்தான் மதுவிலக்கு அமலுக்கு வந்திருந்தது. சட்டம் தடுத்தும் மது தாராளமாகப் புழங்கிய அந்த நகரத்தில், இளமையும் புகழும் பணமும் சேர்ந்த இந்த ஜோடியைப் பத்திரிகைகள் கொண்டாடின. 1929 வாக்கில் ஒரு சிறுகதைக்கு அவருக்கு 4,000 டாலர் கிடைத்தது. இவ்வளவு சம்பாதிக்கிறவரை யார் நோயாளி என்று சொல்வார்கள்? இன்றும் அப்படித்தான். “நல்லா சம்பாதிக்கிறார், வேலைக்குத் தவறாம போறார்” என்ற வாக்கியத்துக்குப் பின்னால் பத்து வருடக் குடி ஒளிந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஈரல் நிறையப் பாதிக்கப்பட்ட பிறகுகூட மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.

1924-இல் பிரான்ஸின் கடற்கரையில் தங்கியிருந்தபோது ஸெல்டாவுக்கும் ஒரு பிரெஞ்சு விமானிக்கும் இடையே நெருக்கம் ஏற்பட்டது. அந்தக் காயம் இருவருக்கும் ஆறவே இல்லை. பின்பு ஸெல்டா இருபத்தேழு வயதில், வெறியோடு பாலே நடனம் பயிலத் தொடங்கினார். 1930 ஏப்ரலில் பாரிஸில் மனம் முறிந்தது. ஸ்கிட்ஸோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். அது இருமுனை மனநோயாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் எழுதியவர்களும் உண்டு. 1932-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிப்ஸ் மனநலப் பிரிவில் மறுபடி சேர்க்கப்பட்டார். அங்கே தலைமை மருத்துவராக இருந்த அடால்ஃப் மேயர், இது ஸெல்டா ஒருவரின் நோய் மட்டுமில்லை, கணவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்காட் இணங்கவில்லை. தான் நோயாளியின் கணவர், செலவைத் தாங்குகிறவர், அவ்வளவுதான் என்பது அவர் எண்ணம்.

அந்த மருத்துவமனையில் இருந்தபடியே ஸெல்டா சில வாரங்களில் ஒரு நாவலை எழுதி முடித்தார். தங்கள் திருமண வாழ்க்கைதான் அதன் கரு. ஸ்காட் கொதித்துப்போனார். பல வருடங்களாகத் தான் எழுதிக்கொண்டிருந்த நாவலுக்கான சரக்கு அது என்பது அவர் கட்சி. 1933 மே 28 அன்று மருத்துவர் தாமஸ் ரென்னி முன்னிலையில், சுருக்கெழுத்தாளர் ஒருவரையும் உட்காரவைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் பேசினார்கள். அந்தப் பதிவு 114 பக்கம் வந்தது. அவளுடைய எழுத்தும் நடனமும் மூன்றாந்தரம் என்கிறார் இவர். நாம் வாழ்ந்த வாழ்க்கையை நாவலாக்கும் உரிமை எனக்கே, நீ எழுதுவதை நிறுத்து என்கிறார். அவள் இவருடைய குடியை எடுக்கிறாள். இவர் அவளுடைய நோயை எடுக்கிறார்.

சுருக்கெழுத்தாளர் இல்லையே தவிர, இந்தப் பேச்சு எங்கள் அறைகளில் நடக்காத வாரம் கிடையாது. 2009-இல் சீர்வரிசையில் என்ன குறைந்தது, நிச்சயத்தன்று மாமா என்ன சொன்னார் என்பது வரைக்கும் போகும். அதில் பலவும் நிஜமான வலிதான். நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் குடி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பஞ்சாயத்துக்கு முடிவே கிடையாது. காலையில் சமாதானம் ஆகியிருப்பார்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே புகார் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான், முதலில் குடி நிற்கட்டும், சில வாரம் கழித்து இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவோம் என்கிறோம். வீட்டில் அடி விழுகிறது என்றால் சேர்ந்து உட்காரவும் வைப்பதில்லை. முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும்.

யார் யாரைக் கெடுத்தார்கள் என்ற கேள்வி இலக்கிய உலகத்திலும் ஓய்ந்தபாடில்லை. ஸெல்டாதான் ஸ்காட்டை எழுதவிடாமல் குடிக்க இழுத்தாள் என்ற தொனியில் எழுத்தாளர் ஹெமிங்வே எழுதினார். ஸ்காட்டின் குடியும் ஆதிக்கமும் ஸெல்டாவை நொறுக்கின என்று பிறகு வந்தவர்கள் எழுதினார்கள். ஒரு சின்ன உண்மையை எடுத்துவைக்கிறேன்: ஸ்காட் குடிக்கத் தொடங்கியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நாட்களில், ஸெல்டாவைப் பார்ப்பதற்கு முன்பே. அதேபோல, தீவிர மனநோயை ஒரு கணவனின் குடி மட்டுமே உண்டாக்கிவிடாது. நோயை மோசமாக்கும், குணமாவதைக் கெடுக்கும். நம் ஊரில் முதல் பாதியை யாரும் நினைவில் வைப்பதில்லை. கல்யாணத்துக்கு முன்பே குடித்தவனை, “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்” என்று கட்டிவைப்பார்கள். சரியாகவில்லை என்றால், “பொண்டாட்டி சரியில்ல, அதான் குடிக்கிறான்.” அந்தப் பெண் சில வருடங்களில் அதை நம்பவும் தொடங்கிவிடுகிறாள். “நான் கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா இவர் இப்படி ஆகியிருக்க மாட்டாரோ டாக்டர்?” என்று கேட்கும் மனைவிமார் பலரிடமும் நான் சொல்வது: அம்மா, நீங்கள் அவரைக் குடிக்கவைக்கவில்லை, உங்களால் நிறுத்தவும் முடியாது. சிகிச்சைக்கு அழைத்துவருவதற்கு நீங்கள் உதவலாம், அவ்வளவுதான். சிலர் அதைக் கேட்டு அழுதுவிடுகிறார்கள்.

பீர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட் 1930-களின் நடுவில் ஜின்னை விட்டு பீருக்கு மாறினார். குடியை விட்டுவிட்டதாகவே அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டார், பாட்டில் பாட்டிலாக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே. “இப்பல்லாம் பீர் மட்டும்தான் சார்” என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் தூய மது இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தியில் 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டரில், சுமார் 61 கிராம். மூன்று ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு குவார்ட்டருக்குச் சமம். ஈரலுக்கும் மூளைக்கும் பாட்டிலின் வடிவம் தெரியாது.

குடி இருந்தால்தான் எழுத்து வரும், பாட்டு வரும், மேடையில் பேச்சு வரும் என்று நம்புகிற கலைஞர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு நான் ஸ்காட்டையே சாட்சிக்கு அழைக்கிறேன். ‘கேட்ஸ்பி’ வந்தது 1925-இல். அடுத்த நாவல் ‘டெண்டர் இஸ் தி நைட்’ வந்தது 1934-இல். ஒன்பது வருட இடைவெளி. அதற்கு அடுத்த வருடம் தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், நீண்ட நாவலின் கட்டமைப்பும் திருத்தும்போது வேண்டிய நுட்பமான தீர்மானமும் மதுவோடு ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த நாவலின் மூன்றாம் பாகம் முழுவதையும் மதுவின் துணையில் எழுத நேர்ந்ததே என்று வருந்துகிறார். குடி தன் எழுத்தைக் கெடுத்தது என்பதை அவரைவிடத் துல்லியமாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மறு வருடம், தன் மனமுறிவைப் பற்றி ‘எஸ்க்வயர்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளில், அந்தச் சமயத்தில் ஆறு மாதமாக ஒரு கிளாஸ் பீர்கூடத் தொடவில்லை என்று குடியை வெளியே நிறுத்திவிடுகிறார். பெர்கின்ஸிடம் தனியாகச் சொல்ல முடிந்ததை ஊரறியச் சொல்ல முடியவில்லை. அவரை நான் குறை கூறவில்லை. நோயின் இயல்பே இப்படித்தான். தெளிவும் மறுப்பும் ஒரே மனிதருக்குள் ஒரே மாதத்தில் இருக்கும். அந்தத் தெளிவு தலைகாட்டுகிற நாளில் பக்கத்தில் யாராவது இருந்து மருத்துவமனைக்குக் கூட்டிவந்துவிட வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், ஸ்காட்டி. அவளுக்குப் பதினைந்து வயதானபோது, 1936 டிசம்பரில், பால்டிமோரில் அவளுடைய தோழர் தோழியருக்காக அப்பா ஒரு விருந்து வைத்தார். வைத்துவிட்டு, அங்கேயே நிலைதடுமாறக் குடித்தார். குடிநோயாளிகளின் பிள்ளைகள் வீட்டுக்கு நண்பர்களைக் கூப்பிடுவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பாவை அழைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். இவர்களுக்கும் ஆலோசனை தேவை. படிப்பில் கெட்டியாக இருக்கிற பிள்ளைக்கும் தேவை.

ஸ்காட் தன் கடைசி வருடத்தைப் பெரும்பாலும் குடிக்காமல் கழித்தார். ஹாலிவுட்டில் ஒரு புதிய நாவலை நல்ல வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 1940 டிசம்பர் 21 அன்று மாரடைப்பில் இறந்தபோது வயது 44, நாவல் முடியவில்லை. ஸெல்டா 1948 மார்ச்சில், ஆஷ்வில் நகரில் தான் தங்கியிருந்த மனநல மருத்துவமனையில் ஏற்பட்ட தீ விபத்தில் மற்ற எட்டுப் பெண்களோடு சேர்ந்து இறந்தார்.

அவர்கள் காலத்தில் மருத்துவம் கையில் வைத்திருந்தது மிகக் கொஞ்சம். பெயர் வெளியிடாக் குடிநோயாளிகளின் கூட்டமைப்பான ஏ.ஏ. 1935-இல்தான் தொடங்கியது. குடிநோய்க்கு டைசல்ஃபிராம் மாத்திரை வந்தது 1940-களின் கடைசியில். இன்று குடிக்கும் ஆவலைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலேயே பல ஊர்களில் நடக்கின்றன. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற கூட்டமைப்பு இருக்கிறது.

இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் நிலைதடுமாறி, இல்லாதவர்களோடு பேசத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. கோயிலுக்கோ மந்திரிக்கவோ கூட்டிப்போகாமல் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயாமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்கப்பட வேண்டும் என்பதால், அவர் தினமும் குடிப்பவர் என்பதை முதல் வாக்கியமாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள்.

இன்னொன்று, குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்துகள். டைசல்ஃபிராம் சாப்பிட்டவர் அதன் பிறகு குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறலாம். அது நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மாத்திரை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியை விளம்பரம் பார்த்து வாங்கி யாருக்கும் கலந்து கொடுக்காதீர்கள்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். போதைமீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, வீட்டில் வன்முறை இருந்தால் பெண்களுக்கு 181. வரும்போது அவர் எவ்வளவு காலமாக, எதை, எந்த அளவில் குடிக்கிறார், கடைசியாக எப்போது நிறுத்த முயன்றார், அப்போது வலிப்பு வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். யார் மேல் தப்பு என்பதை அன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் கேட்க மாட்டோம்.